தோர்தோஞ் ஆற்றங்கரையில் ஐந்து நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: பாரிசில் வேலை பார்க்கிறேன். ஜூன் நடுவில் சென்னையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். எங்களோடு பத்து வயது மகனும் உண்டு. ஐந்து நாள் தோர்தோஞ் பக்கம் போகலாம் என்று எண்ணம். குகை ஓவியம், கோட்டை, ஆறு எல்லாம் பார்க்க ஆசை. அப்பாவுக்கு முழங்கால் வலி. அம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது, எதை விடுவது?

பதில்:

"எதை விடுவது" என்று கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் முதல்முறை நான் அங்கே போனது ஆகஸ்ட் மாதம். மாமனார், மாமியார், மனைவி, கைக்குழந்தை. மூன்று நாளில் ஒன்பது இடம் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் மாலை ஆறாவது இடத்துக் கோட்டை வாசலில் மாமனார், "நீங்க பாத்துட்டு வாங்க மாப்ளே, எனக்கு எல்லாக் கல்லும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். தப்பு அவருடையது இல்லை. அதற்கப்புறம் ஐந்தாறு முறை போய்விட்டேன். இப்போது ஒரு நாளுக்கு ஒரு பெரிய இடம், கூடவே ஒரு சின்ன இடம், அதற்கு மேல் கிடையாது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

முதலில் ஊர் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதித் திட்டம் தானாகவே அமைந்துவிடும். தோர்தோஞ் ஆறு நடுப் பிரான்சின் எரிமலை மேட்டில், 1,885 மீட்டர் உயரமுள்ள புய் த சான்சி மலையடியில் பிறந்து, ஏறத்தாழ 480 கிலோமீட்டர் ஓடி, போர்தோவுக்குக் கீழே கரோன் ஆற்றோடு சேர்கிறது. இதில் உங்களுக்கு வேண்டியது சார்லா என்ற ஊரைச் சுற்றியுள்ள முப்பது கிலோமீட்டர்தான். அந்தப் பகுதிக்குச் சற்று வடக்கே வேசேர் என்ற துணையாறு தனிப் பள்ளத்தாக்கில் ஓடி, லிமோய் என்ற கிராமத்தில் தோர்தோஞ் ஆற்றில் கலக்கிறது. குகைகள் வேசேர் பக்கம். கோட்டைகள் தோர்தோஞ் பக்கம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் உள்ளே அரித்தால் குகை, ஓரத்தில் அரித்தால் செங்குத்துப் பாறை. ஆதி மனிதன் பாறையின் அடியில் ஒதுங்கினான், பிற்காலத்துப் பிரபு அதன் உச்சியில் கோட்டை கட்டினான்.

இன்னொன்று, குழப்பம் வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். தோர்தோஞ் என்பது ஆற்றின் பெயர், பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்த மாவட்டத்தின் பெயரும் அதுவே. ஆனால் உள்ளூர்க்காரர்கள் பழைய பெயரான 'பெரிகோர்' என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பெயர்கள் பாதிக்கு மேல் 'ஆக்' என்று முடியும்: பேனாக், சேனாக், வித்ராக், மோந்தினியாக். ரோமர் காலத்தில் இன்னாருடைய பண்ணை என்று குறித்த விகுதி அது. நம் ஊர்ப் 'பட்டி' மாதிரி. முதல் நாள் எல்லாம் ஒன்றாகக் கேட்கும், ஜிபிஎஸ்ஸில் தவறான 'ஆக்'கைப் போட்டு நாற்பது நிமிடம் வீணாக்காதீர்கள்.

போவதற்கு இரண்டு வழி. பாரிஸ் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரீவ் வரை நேரடி ரயில், நாலரை மணி நேரம் போல ஆகும். அங்கே கார் எடுத்தால் சார்லா ஒரு மணி நேரம். அல்லது பாரிசிலிருந்தே காரில் போகலாம், 530 கிலோமீட்டர். வியர்சோனிலிருந்து பிரீவ் வரை ஏ20 நெடுஞ்சாலையில் சுங்கம் கிடையாது என்பது ஒரு ஆறுதல். வயதானவர்கள் இருப்பதால் நான் ரயிலைத்தான் சொல்வேன். ஆனால் அங்கே போனபின் கார் இல்லாமல் ஒன்றும் நடக்காது. குகைகளுக்கும் கோட்டைகளுக்கும் இடையே சொல்லும்படியான பேருந்து வசதி இல்லை. கியர் மாற்றாத ஆட்டோமேடிக் கார் வேண்டுமென்றால் மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சின்ன ஊர்களில் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

தங்குவது ஒரே இடத்தில். தினம் ஒரு ஓட்டல் மாறுவது அப்பா அம்மாவுக்குச் சித்திரவதை. சார்லாவுக்கும் ஆற்றுக்கும் இடையே ஏதாவது கிராமத்தில் சமையலறையோடு கூடிய வீடு பாருங்கள். 'ஜீத்' என்பார்கள். தரைத்தளத்தில் படுக்கையறை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்துப் பழைய கல் வீடுகளில் மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும்.

சரி, குகைகளுக்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

லாஸ்கோ என்ற பெயரைக் கேள்விப்பட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அசல் குகைக்குள் போக முடியாது என்பதே தெரியாது. 1940 செப்டம்பரில், ஜெர்மானியர்களிடம் பிரான்ஸ் தோற்ற மூன்றாவது மாதம், மர்செல் ரவிதா என்ற 18 வயது மெக்கானிக் பையன் மோந்தினியாக் ஊருக்கு மேலே காட்டில் ஒரு பொந்தைக் கண்டான். நான்கு நாள் கழித்து, 12ஆம் தேதி, மூன்று பையன்களோடு திரும்பி வந்து பொந்தைப் பெரிதாக்கி உள்ளே இறங்கினான். விளக்கைத் தூக்கிப் பார்த்தால் சுவரெல்லாம் காளையும் குதிரையும். அந்த நால்வரில் சிமோன் கோயன்காஸ் யூதச் சிறுவன், போருக்கு அஞ்சி அங்கே வந்திருந்த குடும்பம். பாரிசுக்குத் திரும்பிய அவனுடைய பெற்றோர் பின்னர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். அவர் தப்பி, 2020 வரை வாழ்ந்தார். குகைக்குப் போனால் இதை மகனுக்குச் சொல்லுங்கள். இருபதாயிரம் ஆண்டுக்கு முந்தைய கதையைவிடப் பையன்களுக்கு இது சீக்கிரம் மனதில் ஏறும்.

1948இல் குகையைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 1955 வாக்கில் நாளுக்கு 1,200 பேர் வந்தார்கள். மூச்சுக்காற்றின் கரியமில வாயு, உடம்பின் ஈரம், விளக்கின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படிய ஆரம்பித்தது. கலாச்சார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மல்ரோ 1963இல் குகையை மூடிவிட்டார். இன்றுவரை திறக்கவில்லை. முதல் நகல் 1983இல், அசலுக்குப் பக்கத்திலேயே திறந்தது. இரண்டு முக்கியக் கூடங்கள் மட்டும் அதில் உண்டு. 2016 டிசம்பரில் மலையடிவாரத்தில் 'லாஸ்கோ 4' திறந்தது. கிட்டத்தட்ட முழுக் குகையையும் அங்கே மீண்டும் செய்து வைத்திருக்கிறார்கள்.

"நகலைப் பார்க்க இவ்வளவு தூரமா?" என்று அப்பா கேட்பார். என் மாமனாரும் கேட்டார். உள்ளே போய்வந்தபின் கேட்கவில்லை. ஐந்து மீட்டருக்கு மேல் நீளமுள்ள காளை தலைக்கு மேலே ஓடுவதைப் பார்க்கும்போது அது நகலா அசலா என்ற எண்ணமே வராது. தரை சமதளம், உள்ளே குளிரூட்டிய குகைக் காற்று, சக்கர நாற்காலியும் போகும். முழங்கால்காரர்களுக்கு இதைவிட வசதியான குகை கிடையாது. ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள்: அந்த மனிதர்கள் அதிகம் தின்றது பனிமான் கறி, எலும்புகள் குவியலாகக் கிடைத்தன. ஆனால் சுவரில் பனிமான் ஒன்றே ஒன்றுதான். குதிரைதான் நூற்றுக்கணக்கில். தின்பதை வரையவில்லை. ஏன் என்று இதுவரை ஆளுக்கொரு விளக்கம்தான்.

லாஸ்கோவைப் பார்த்த கையோடு அசல் குகை ஒன்றையும் பார்த்துவிட வேண்டும், ஒன்றே ஒன்று. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். லே ஸேஸி ஊருக்குப் பக்கத்தில் ஃபோன் த கோம் குகை இருக்கிறது. அதன் ஓவியங்களை 1901இல் வெளியே சொன்னவர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் தெனி பேரோனி. பல வண்ண ஓவியங்களை அசலாகவே பார்க்க, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. வழிகாட்டி டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கும்போதுதான் விஷயம் தெரியும்: காட்டெருமையின் முதுகு வளைவு வரைந்ததே இல்லை, பாறையின் புடைப்பு அது. இருந்த புடைப்புக்குக் காலும் தலையும் போட்டிருக்கிறார்கள். மண்டியிட்ட பனிமான் ஒன்றின் நெற்றியை இன்னொன்று நக்கிக்கொடுக்கும் ஓவியம் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் தெரிந்துவிட்டால் அப்புறம் மறக்காது. இரண்டு சிக்கல். நாளுக்கு மிகக் குறைவான ஆட்களைத்தான் விடுகிறார்கள், ஆகவே முன்பதிவு திறந்ததும் பிடிக்க வேண்டும். அப்புறம், வாசலுக்குப் போகச் சுமார் 400 மீட்டர் ஏற்றத்தில் நடக்க வேண்டும். அப்பாவுக்கு அது ஒத்துவராது.

அவருக்கு ரூஃபினியாக் இருக்கிறது. எட்டு கிலோமீட்டர் நீளக் குகை. சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே ஒரு கிலோமீட்டர் உள்ளே போகலாம். மகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மயிர் அடர்ந்த மாமூத் யானைகள்தான் இங்கே சிறப்பு, நூற்றைம்பதுக்கு மேல் எண்ணியிருக்கிறார்கள். வழியில் சுவரைக் கீறிய குகைக் கரடிகளின் நகத் தடங்களும், அவை தூங்கிய பள்ளங்களும் தெரியும். பெரிய கூரை என்ற இடத்தில் வண்டி நிற்கும், இறங்கி நின்று அண்ணாந்து பார்க்கலாம். ஓவியம் வரைந்த காலத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையே ஒரு மீட்டர் அளவே இருந்தது. பார்வையாளர்களுக்காகத்தான் தரையைத் தோண்டி இறக்கியிருக்கிறார்கள். வரைந்தவர் மல்லாந்து படுத்தபடி, தான் வரையும் மிருகத்தை முழுதாக ஒருதடவைகூடப் பார்க்க முடியாமலே வரைந்திருக்கிறார். சுமார் 13,000 ஆண்டுக்கு முன். எனக்கு இந்தத் தகவல் லாஸ்கோவின் பெரிய காளையைவிடப் பெரிதாகப்பட்டது. அதே கூரையில் 18, 19ஆம் நூற்றாண்டுக்காரர்கள் மெழுகுவத்திப் புகையில் தங்கள் பெயரை எழுதி வைத்திருப்பதையும் காண்பீர்கள். பெயர் பொறிக்கும் வியாதி எல்லா நாட்டிலும் உண்டு.

எல்லாக் குகையிலும் ஆண்டு முழுவதும் 13 டிகிரிதான். வெளியே 32 இருக்கும்போது அம்மா சால்வையைக் காரில் வைத்துவிட்டு வருவார்கள். கையில் எடுத்துவரச் சொல்லுங்கள். அசல் குகைகளுக்குள் படம் எடுக்கக் கூடாது, கைப்பையும் பெரும்பாலும் வெளியேதான்.

லே ஸேஸி ஊரிலேயே க்ரோ மாஞோன் என்ற பாறைக் குடைவு இருக்கிறது. 1868இல் ரயில் பாதை வேலைக்காக மண் வெட்டியபோது அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளால்தான் ஐரோப்பாவின் ஆதி மனிதர்களைக் குறிக்கும் 'குரோ மாக்னன் மனிதன்' என்ற பெயர் உலகம் முழுக்கப் போனது. உள்ளூர் ஒக்சிதான் மொழியில் 'க்ரோ' என்றால் குடைவு, அவ்வளவுதான். பக்கத்திலேயே தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகம். நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் போதும். லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்று ஒரு கிலோமீட்டர் நீளப் பாறைக் குடியிருப்பும் உண்டு, அருமையான இடம், ஆனால் படிக்கட்டு படிக்கட்டாக ஏற வேண்டும். இந்த முறை விட்டுவிடுங்கள்.

அடுத்து கோட்டைகள். ஒரே கோட்டையை நன்றாகப் பார்த்தால் போதும், மற்றவற்றை ஆற்றிலிருந்து பாருங்கள். ஏன் என்று சொல்ல ஒரு சின்ன வரலாறு வேண்டும்.

1152இல் அக்கித்தேன் நாட்டு எலியனோர் அரசி, பிரெஞ்சு மன்னனை விட்டு விலகிய இரண்டே மாதத்தில், ஹென்றி பிளாந்தஜெனே என்ற இளைஞரை மணந்தார். இரண்டு வருடத்தில் அவர் இங்கிலாந்து மன்னரானார். இப்படியாகத் தென்மேற்குப் பிரான்ஸ் சீதனமாக இங்கிலாந்து அரச குடும்பத்திடம் போய், முந்நூறு ஆண்டு தீராத தகராறானது. நூறாண்டுப் போர் என்று 1337 முதல் 1453 வரை நடந்தது அந்தத் தகராறின் உச்சம். தோர்தோஞ் ஆறு பல காலம் எல்லை மாதிரி இருந்தது. வட கரையில் பேனாக் கோட்டை, பிரெஞ்சு மன்னர் பக்கம். தென் கரையில் காஸ்தெல்நோ கோட்டை, பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. 'ஆங்கிலேயர் பக்கம்' என்றால் லண்டனிலிருந்து ஆள் வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் உள்ளூர்ப் பிரபுக்கள்தான், பங்காளிச் சண்டைக்குப் பெரிய மன்னர்களின் கொடி. கட்சி மாறுவதும் சகஜம். போர் முடிந்ததும் இதே ஆற்றங்கரையில்தான். இங்கிருந்து வெகுதூரம் மேற்கே, காஸ்தியோன் என்ற இடத்தில் 1453 ஜூலை 17 அன்று பிரெஞ்சுப் பீரங்கிகள் முன் ஆங்கிலத் தளபதி டால்பட் மாண்டார்.

இதெல்லாம் தரையில் நின்றால் புரியாது. காரில் போகும்போது மரமும் வளைவும் மறைத்துவிடும். துடுப்புப் படகில், தண்ணீர் மட்டத்தில் போகும்போதுதான் ஒரு வளைவு திரும்பியதும் இடப்பக்கம் காஸ்தெல்நோ, அடுத்த வளைவில் வலப்பக்கம் பேனாக் என்று அந்தப் பகையே கண்முன் வரும்.

ஆகவே ஒரு காலைப் பொழுது ஆற்றுக்கு. நீங்களும் மகனும் சேனாக்கில் கனோ எடுங்கள். பேனாக் வரை ஏறத்தாழ பத்து கிலோமீட்டர், நீரோட்டமே தள்ளிக்கொண்டு போகும், இடையில் கூழாங்கல் திட்டில் நிறுத்திச் சாப்பிட்டாலும் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். இறங்கும் இடத்திலிருந்து படகுக்காரர்களே வேனில் திரும்பக் கொண்டுவிடுவார்கள். பையனுக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும், இது எல்லா இடத்திலும் விதி. பாதுகாப்பு ஜாக்கெட்டைச் சூடாக இருக்கிறது என்று கழற்ற விடாதீர்கள். பார்வைக்குச் சாதுவான ஆறு, பாலத் தூண்களுக்கு அருகில் மட்டும் சுழிக்கும். பொருட்கள் வைக்க மூடி போட்ட பிளாஸ்டிக் பீப்பாய் தருவார்கள். போனைப் படம் எடுக்க வெளியே வைத்திருந்த ஒருவர் பேனாக் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அதை ஆற்றுக்குத் தானம் செய்தார். யார் என்று கேட்காதீர்கள்.

அப்பா அம்மாவுக்கு அதே நேரத்தில் வேறு ஏற்பாடு. லா ரோக் காஷாக் என்ற கிராமம் பாறைக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரே வரிசை வீடுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1957இல் மேலேயிருந்து பாறை பெயர்ந்து விழுந்து சில வீடுகள் நொறுங்கி மூன்று பேர் இறந்தார்கள். அதன் தழும்பு இன்னும் பாறையில் தெரியும். அங்கிருந்து 'கபார்' என்ற தட்டையான மரப்படகு ஒரு மணி நேரச் சுற்று போகிறது. அந்தக் காலத்தில் ஆற்றின் மேற்பகுதிக் காட்டு மரத்தை, திராட்சைக் கொடிக்கான கம்புகளும் ஒயின் பீப்பாய்க்கான பலகைகளுமாக, இந்தப் படகுகளில் ஏற்றிக் கீழே கொண்டுபோனார்கள். எதிர் ஓட்டத்தில் திரும்ப முடியாது என்பதால் மேலிருந்து வந்த பல படகுகளைச் சரக்கு இறக்கியபின் உடைத்து விறகாகவே விற்றுவிட்டு நடந்தே வீடு திரும்புவார்களாம். ரயில் வந்ததும் எல்லாம் முடிந்தது. இப்போது சுற்றுலாப் படகுகள் மோட்டாரில் ஓடுகின்றன. நீங்கள் கனோவில் அந்தக் கரையைக் கடக்கும் நேரமும் அவர்கள் படகேறும் நேரமும் ஒன்றாக வரும்படி பார்த்துக்கொண்டால் ஆற்று நடுவில் கையசைக்கலாம். நாங்கள் அப்படிச் செய்தோம். மாமியார் அங்கிருந்தே "தொப்பியப் போடு" என்று கத்தியது பாறையில் மோதித் திரும்பி வந்தது.

மாலையில் ஒரே கோட்டை என்றால் எது? பையனுக்காக காஸ்தெல்நோ. உள்ளே போர்க்கருவி அருங்காட்சியகம். கல்லெறியும் பிரம்மாண்ட மரப்பொறிகளை முழு அளவில் செய்து கோட்டை மதிலில் நிறுத்தியிருக்கிறார்கள். ஜூனில் பள்ளிக் குழந்தைகள் கூட்டம் காலையில் வரும், மாலை நான்கு மணிக்கு மேல் போனால் நிம்மதி. ஆனால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறித்தான் போக வேண்டும். அப்பாவுக்காக என்றால் பேனாக். அங்கே கீழே கிராமத்தில் நிறுத்திவிட்டு ஏறக் கிளம்பிவிடாதீர்கள், மூச்சு வாங்கும். மேலே கோட்டைக்குப் பக்கத்திலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது, சுற்றுப்பாதையில் போய்ச் சேரலாம். கோட்டைக்குள் படிகள் உண்டு, ஆனாலும் முற்றத்திலிருந்தே ஆறு முழுதாகத் தெரியும். அதற்கே போன காசு தகும்.

தோம் என்ற ஊரை மாலைக்கு வையுங்கள். ஆற்றுக்கு மேலே நூற்றைம்பது மீட்டர் உயரப் பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் மதில் நகரம். பிரெஞ்சு மன்னர் மூன்றாம் பிலிப் 1281இல் ஏற்படுத்தியது. மூன்று வருடம் கழித்து ஆங்கிலேய மன்னர் முதலாம் எட்வர்ட் மோன்பாசியே என்ற ஊரை ஏற்படுத்தினார், போட்டிக்குப் போட்டி. இப்படித் திட்டமிட்டுக் கட்டிய ஊர்களை 'பஸ்தீத்' என்கிறார்கள். தோம் ஊரின் பாறைப் பக்கம் மதிலே கிடையாது, யார் ஏறப்போகிறார்கள் என்ற தைரியம். 1588இல் மதப்போரின்போது ஜெஃப்ருவா த விவான் என்ற புராட்டஸ்டன்ட் தளபதி சொற்ப ஆட்களோடு இரவில் அந்தப் பாறையிலேயே ஏறி ஊரைப் பிடித்தார். காரில் மேலேயே போய்விடலாம். ஜூனில் இருட்ட பத்து மணி ஆகிவிடும். ஒன்பது மணிக்கு அந்த விளிம்பில் உட்கார்ந்தால் கீழே ஆறு பொன்னிறமாகி, பிறகு ஈயமாகி, அப்புறம் காணாமல் போகும்.

மிலாந்த் மாளிகைக்கு ஒரு அரைநாள் ஒதுக்கலாமா என்று யோசியுங்கள். அமெரிக்காவில் பிறந்து பாரிஸ் மேடைகளில் கொடிகட்டிப் பறந்த ஜோசஃபின் பேக்கரின் வீடு. போர்க்காலத்தில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்கு உளவுச் செய்திகளை இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதிக் கடத்தியவர். 1947இல் இந்த மாளிகையை வாங்கி, பல நாட்டுக் குழந்தைகள் பன்னிரண்டு பேரைத் தத்தெடுத்து வளர்த்தார். செலவு கைமீறிப்போய்க் கடனில் மூழ்கி 1969இல் வெளியேற்றப்பட்டார். சமையலறை வாசற்படியில் அவர் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் படத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள், கோட்டைகளில் பார்த்த எந்தத் தோல்வியையும்விட அது என்னைக் கலக்கியது. 2021இல் பாரிஸ் பாந்தியோன் நினைவாலயத்தில் அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

மார்கேசாக் தோட்டம் அம்மாவுக்குப் பிடிக்கும்: ஒன்றரை லட்சம் பாக்ஸ்வுட் செடிகளை ஆட்டுக் கூட்டம் மாதிரி உருண்டையாக வெட்டி வைத்திருக்கிறார்கள், நிழல் நடை, கடைசியில் ஆற்றைப் பார்த்த மேடை. பாதி தூரம் நடந்து திரும்பினாலும் தப்பில்லை.

சார்லா ஊரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், எப்படியும் தினமும் அந்த வழியாகத்தான் போவீர்கள். தேன் நிறக் கல்லில் கட்டிய பழைய தெருக்கள் இன்றும் முழுசாக நிற்கக் காரணம், லாஸ்கோவை மூடிய அதே மல்ரோ 1962இல் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டம். அதன் கீழ் முதலில் புதுப்பித்த ஊர்களில் சார்லா ஒன்று. புதன் காலையும் சனிக்கிழமையும் சந்தை. ஒன்பது மணிக்கு முன் போகாவிட்டால் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

இனிச் சாப்பாடு. அம்மாவுக்கு இது கடினமான பகுதி என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வாத்தும் கூஸ் வாத்தின் ஈரலும்தான் இந்த வட்டாரத்துப் பெருமை. சார்லாவின் பழைய கூஸ் வாத்துச் சந்தைச் சதுக்கத்தில் மூன்று கூஸ் வாத்துகளுக்கு வெண்கலச் சிலையே வைத்திருக்கிறார்கள். ஆபத்து கண்ணுக்குத் தெரிவதில் இல்லை, தெரியாததில்தான். 'சார்லாதேஸ்' உருளைக்கிழங்கு என்று மெனுவில் இருக்கும். பூண்டு, கொத்தமல்லி மாதிரி ஒரு தழை, மணக்க மணக்க வறுவல், பார்த்தால் முழுச் சைவம். வறுப்பது வாத்துக் கொழுப்பில். பூண்டு சூப்பும் அப்படித்தான். என் மாமியார் இரண்டு நாள் ரசித்துச் சாப்பிட்டபின்தான் எனக்கே தெரிந்தது. இன்றுவரை நான் சொல்லவில்லை. 'பெரிகோர் சாலட்' என்றால் அதில் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். "சான் க்ரேஸ் த கனார்" என்றால் வாத்துக் கொழுப்பு வேண்டாம் என்று அர்த்தம், தைரியமாகச் சொல்லுங்கள். வால்நட் போட்ட பச்சைக் காய்கறி சாலட், ஜூனில் உள்ளூர் ஸ்ட்ராபெரி, வால்நட் கேக் (முட்டை இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்), ரொட்டி, இவைதான் வெளியே அம்மாவுக்கு. வட்டவட்டமான சின்ன ஆட்டுப்பால் சீஸ் ஒன்று கிடைக்கும், சீஸில் பாலை உறைய வைக்க விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள் என்பதால் அதையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அதனால்தான் சமையலறை உள்ள வீடு என்றேன். பாரிசில் லா ஷப்பேல் கடைகளிலேயே அரிசி, பருப்பு, பொடி, ஊறுகாய் வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். காய்கறியைச் சந்தையில் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று, கிராமத்து உணவகங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள்தான். இரண்டேகாலுக்குப் போனால் சமையலறை மூடியாச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஐந்து நாளை நான் இப்படிப் போடுவேன். வந்த அன்று மாலை சார்லாவில் சும்மா நடை. மறுநாள் லாஸ்கோ, திரும்பும் வழியில் லே ஸேஸி. மூன்றாம் நாள் காலை ஆறு, மாலை ஏதாவது ஒரு கோட்டை. நான்காம் நாள் ரூஃபினியாக், உங்களுக்கு ஃபோன் த கோம் டிக்கெட் கிடைத்திருந்தால் அப்பாவையும் அம்மாவையும் ஊர்க் காபிக்கடையில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள், இரவு தோம். ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள், மிலாந்தோ மார்கேசாக்கோ அன்று காலை அவரவர் உடம்பைப் பார்த்து முடிவு செய்யலாம். ரோக்கமதூர், படிராக் குகை என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இரண்டும் பெயர் பெற்ற இடங்கள்தான், ஆனால் தூரமும் படியும் அதிகம்.

அப்பா நாலாம் நாள் "போதும்ப்பா" என்று சொன்னால் வற்புறுத்த வேண்டாம், லிமோய்க்குக் கூட்டிப்போங்கள். வேசேர் வந்து தோர்தோஞ் ஆற்றில் கலக்கும் இடம். செங்கோணத்தில் இரண்டு பாலங்கள், கரையில் புல்தரை, உட்கார இடம். டிக்கெட் கிடையாது, படி கிடையாது. இரண்டாவது முறை போனபோது என் மாமனார் அங்கேதான் காரை விட்டு இறங்கிப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பலாமா என்று நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.